400 கலோரி எரித்தாச்சு... அதைத் திரும்பச் சாப்பிடலாமா?

வேர்க்க விறுவிறுக்க ஒன்றரை மணி நேரம் நடந்து முடித்ததும் கையில் இருக்கும் வாட்ச் '400 கலோரி' என்கிறது. போனில் இருக்கும் டயட் ஆப் அடுத்த நொடியே அந்த 400-ஐ அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. காலையில் 1,300 என்று இருந்த வரம்பு இப்போது 1,700. எடை குறைக்க முயலும் பலருக்கும் குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான். எரித்ததைத்தானே சாப்பிடப் போகிறோம், அதில் என்ன தப்பு? அப்படிச் சாப்பிட்டுவிட்டால் பிறகு எதற்காக நடந்தோம்?

'தொடவே தொடாதீங்க' என்று ஒரு தரப்பு சொல்லும். 'சாப்பிடாவிட்டால் உடம்பு கெட்டுப்போகும்' என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், யாருக்கு எந்தப் பாதி என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். வாட்ச் காட்டும் எண்ணை முழுசாகத் திரும்பச் சாப்பிடக் கூடாது. தினமும் நடைப்பயிற்சி செய்யும் அளவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே தேவையில்லை. நீண்ட தூரம் ஓடுபவர்களும் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களும் அதில் ஒரு பகுதியைக் கட்டாயம் சாப்பிட்டாக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இது ஏதோ சிலருடைய கவலை என்று தள்ளிவிட முடியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். எடை குறைக்க வேண்டியவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். கணக்கு தப்பாகி, 'இவ்வளவு செய்தும் ஒரு கிலோகூடக் குறையலையே' என்று பாதியிலேயே விட்டுவிடுபவர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் வரம்பு எப்படி வந்தது?

'ஒரு நாளைக்கு இத்தனை கலோரிதான்' என்று ஒரு எண் உங்களிடம் இருக்கும். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரியாமல், எரித்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். வயது 30, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ உள்ள ஒரு பெண். ஆப்களும் உணவியல் நிபுணர்களும் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரத்தின்படி, அவர் நாள் முழுக்கப் படுத்தே இருந்தாலும் உடல் இயங்க சுமார் 1,360 கலோரி தேவை. இதை அன்றாட நடமாட்டத்துக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 1.2, வாரத்தில் சில நாள் லேசான உடற்பயிற்சி செய்பவருக்கு 1.375.

முதல் வழி: 'உட்கார்ந்த வேலை' என்று தேர்வு செய்கிறார். தேவை சுமார் 1,630 கலோரி. எடை குறைய 400-ஐக் கழித்தால் வரம்பு 1,230. இந்தக் கணக்கில் உடற்பயிற்சி சேரவே இல்லை. மைஃபிட்னஸ்பால் போன்ற ஆப்கள் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. உடற்பயிற்சியைத் தனியாகப் பதிவு செய்யும்போது அதை வரம்போடு கூட்டிக் காட்டுகின்றன.

இரண்டாவது வழி: 'லேசான உடற்பயிற்சி' என்று தேர்வு செய்கிறார். தேவை சுமார் 1,870. அதில் 400 போனால் 1,470. அதாவது, அவர் நடக்கப் போகும் நடைக்கான 240 கலோரி முன்பணமாக இந்த எண்ணுக்குள்ளேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது வழியில் வரம்பை வாங்கிக்கொண்டு, நடந்துவிட்டு வந்து வாட்ச் காட்டும் 240-ஐ மறுபடியும் சாப்பிட்டால் ஒரே நடைக்கு இரண்டு முறை சம்பளம் வாங்கின மாதிரி. தினமும் 400 குறைக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் குறைவது 160தான். மாசக் கடைசியில் எடை மெஷின் மீது பழி விழும்.

அதனால் முதல் வேலை இதுதான்: ஆப்பில் நீங்கள் தேர்வு செய்த நடமாட்ட அளவு என்ன என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அதிலேயே உடற்பயிற்சி சேர்ந்திருந்தால் விவாதம் முடிந்தது, திரும்பச் சாப்பிட எதுவும் இல்லை. சேராமல் இருந்தால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வாட்ச் சொல்வது சரியா?

இதயத் துடிப்பை அளப்பதில் வாட்ச்கள் நன்றாகவே தேறிவிட்டன. கலோரி விஷயம் வேறு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரிடம் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். 7இல் 6 கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. ஆனால், எரித்த கலோரியைச் சொல்வதில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமான கருவிக்கு 93 சதவீதம். கருவிகள் அதன் பிறகு மாறியிருக்கலாம். அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. வாட்ச் உங்கள் கலோரியை அளப்பதில்லை. துடிப்பு, அசைவு, வயது, எடை ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் நடக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் உடல் கொஞ்சம் கலோரியை எரித்திருக்கும். அது ஏற்கெனவே உங்கள் அன்றைய தேவைக்குள் இருக்கிறது. ட்ரெட்மில்லும் பல ஆப்களும் அதையும் சேர்த்து மொத்தமாகக் காட்டுகின்றன. சில வாட்ச்கள் 'ஆக்டிவ்' என்றும் 'டோட்டல்' என்றும் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் காட்டும். பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்வது மனித இயல்பு. கணக்குக்கு உதவுவது சிறிய எண்.

நமக்குத் தெரிந்த ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அந்த 8 கி.மீ. நடந்தால் 1 மணி 36 நிமிடம் ஆகும். ஓய்வில் இருப்பதைப் போல சுமார் மூன்றரை மடங்கு ஆற்றல் செலவாகும் வேகம் இது. மொத்தக் கணக்கு சுமார் 390 கலோரி. சும்மா இருந்திருந்தாலே செலவாகியிருக்கும் 110-ஐக் கழித்தால், நடையால் கூடுதலாகச் செலவானது 280.

ஆக, வாட்ச்சில் 400 என்று தெரிவதில் 100க்கும் மேல் நடையால் வந்ததே இல்லை. இது வாட்ச் பிழையே செய்யாதபோது!

உடம்பும் ஒரு கணக்குப் போடுகிறது

280 கலோரி கூடுதலாகச் செலவழித்தால் அன்றைய மொத்தச் செலவும் 280 கூடும் என்றுதான் தோன்றும். உடம்பு அப்படி எளிமையாக நடந்துகொள்வதில்லை.

மனித மானுடவியல் ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு, தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களின் ஆற்றல் செலவை அளந்து 2012இல் முடிவை வெளியிட்டது. நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும் அவர்கள், அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளைவிடப் பல மடங்கு எரிப்பார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, இரு தரப்பின் ஒரு நாள் மொத்தச் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவானால் இன்னோரிடத்தில் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம்.

2021இல் 1,754 பேரின் அளவீடுகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. அசைவின் மூலம் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு 100 கலோரியிலும் சராசரியாக 28-ஐ உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது. உடல் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம் இந்தச் சிக்கனம் இன்னும் அதிகம். எடை குறைக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்தக் கழிவும் அதிகம் என்பது வருத்தமான செய்தி.

சிக்கனம் உடலுக்குள் மட்டும் நடப்பதில்லை. காலையில் ஜிம் போன அலுப்பில் படிக்கட்டுக்குப் பதில் லிஃப்ட், பக்கத்துத் தெருக் கடைக்கும் ஸ்கூட்டி, ஞாயிறு மதியம் நீண்ட தூக்கம். நாம் கவனிக்காமலேயே இதெல்லாம் நடக்கும்.

அந்த 280-இல் 28 சதவீதத்தைத் தோராயமாகக் கழித்தால் கையில் நிற்பது 200. வாட்ச் சொன்னது 400.

ஒரு வடை, ஒரு காபி

நடை முடிந்ததும் சாப்பிடும் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நடக்காவிட்டாலும் அதைச் சாப்பிட்டிருப்போம். 'நடந்தாச்சே' என்று கூடுதலாக வந்து சேருவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மெதுவடை, அளவையும் எண்ணெயையும் பொறுத்து 120 கலோரியை ஒட்டி வரும். சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி 80 முதல் 100. இரண்டும் சேர்ந்தால் அந்த 200 தீர்ந்துவிடும். 8 கி.மீ. நடையின் எடைக் கணக்கு அங்கேயே முடிகிறது. நடையின் பிற நன்மைகள் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் கடைசியில் வருவோம்.

இதில் பேராசை என்று எதுவும் இல்லை. மனித மூளைக்குக் கலோரியை ஊகிக்கத் தெரியாது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய சோதனை நடந்தது. ட்ரெட்மில்லில் நடந்தவர்களிடம், எவ்வளவு எரித்தீர்கள் என்று கேட்டபோது உண்மையைவிட 3, 4 மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். எரித்த அளவுக்குச் சரியாகச் சாப்பிடுங்கள் என்று உணவின் முன் நிறுத்தியபோது 2, 3 மடங்கு அதிகம் சாப்பிட்டார்கள். 1992இல் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வு, 'எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை' என்று சொன்னவர்களை அளந்து பார்த்தது. அவர்கள் சாப்பிட்டதை சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் இவ்வளவு பிழை இருக்கும்போது, வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வரவு வைப்பது ஆபத்தான கணக்கு.

அப்போ, சாப்பிடவே கூடாதா?

கூடாது என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்தப் பகுதியைத்தான்.

நாம் பார்த்த அதே 68 கிலோ பெண், முதல் வழியில் வந்த 1,230 கலோரி வரம்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தேவையே 1,660. அதாவது, 1,230 என்பது ஏற்கெனவே குறைவான எண். இப்போது அவர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாரத்தில் 4, 5 நாள் 10 கி.மீ. ஓடத் தொடங்குகிறார். ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடுதலாகச் செலவாவது சுமார் 600 கலோரி. 'திரும்பச் சாப்பிடக் கூடாது' என்ற விதியைப் பிடித்துக்கொண்டால், இதயம், மூளை, ஹார்மோன், எலும்பு என மற்ற எல்லாவற்றுக்கும் அன்று மிஞ்சுவது 630 கலோரி மட்டுமே.

விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. உடற்பயிற்சிக்குப் போக மீதமுள்ள ஆற்றலை, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். பெண்களில் அது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் உதாரணப் பெண்ணின் கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ என்றால், அவருக்குக் கிடைப்பது 14. பாதிகூட இல்லை.

விளைவுகள் மெதுவாக வரும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். முடி கொட்டும், எப்போதும் குளிரும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். நாளாக ஆக எலும்பின் அடர்த்தி குறைந்து, சின்ன அதிர்ச்சிக்கே விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொன்னது. மாதவிடாய் 3 மாதம் வரவில்லை என்றால், 'ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தரப்பும் உண்டு. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நீண்ட நேரம் உடற்பயிற்சி செய்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்களுக்கு 'திரும்பச் சாப்பிடலாமா' என்பது எடை பற்றிய கேள்வியே இல்லை, பாதுகாப்பு பற்றிய கேள்வி. மருந்தையும் உணவையும் எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆப்பிடம் கேட்கக் கூடாது.

யாருக்கு எவ்வளவு?

உங்கள் வரம்பில் உடற்பயிற்சி சேர்க்கப்படவில்லை என்று உறுதியான பிறகு, இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

▪ தினமும் ஒரு மணி நேரம் வரை நடை, யோகா, வீட்டு வேலை: எதையும் கூட்ட வேண்டாம். செலவாவது சிறு அளவு. அது உங்கள் சாப்பாட்டுக் கணக்கில் விழும் பிழைகளை ஈடுகட்டட்டும்.

▪ 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஜிம், பேட்மிண்டன், நீச்சல், 5 கி.மீ. ஓட்டம்: பசித்தால், வாட்ச் காட்டும் எண்ணில் பாதி வரை. 300 என்று காட்டினால் 150. ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ போதும். எடை குறையும்போது தசை கரையாமல் இருக்கப் புரதம் தேவை என்பதால், கூட்டும் கலோரி அந்த வழியில் வருவது நல்லது.

▪ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், சைக்கிள், ஒரே நாளில் இரண்டு வேளைப் பயிற்சி: பாதிக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். வாரத்தில் பல நாள் இப்படி என்றால், ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழிப்பதைவிட வரம்பையே உயர்த்திக்கொள்வது புத்திசாலித்தனம். பந்தயத்துக்குத் தயாராகும் மாதங்களில் எடை குறைப்பைத் தள்ளிவைப்பது அதைவிட நல்லது.

'பாதி' என்பது ஏதோ வேதவாக்கு கிடையாது. மேலே பார்த்த மூன்று கழிவுகளையும், அதாவது வாட்ச் பிழை, சும்மா இருந்தாலும் செலவாகும் பங்கு, உடம்பின் சிக்கனம் ஆகியவற்றைச் சேர்த்தால் சுமார் பாதிதான் மிஞ்சுகிறது என்பதால் வந்த தொடக்கப் புள்ளி. அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை எடை மெஷின் சொல்லும்.

நான்கு வாரச் சோதனை

தினமும் காலையில் கழிவறை போன பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். அன்றைய எண்ணை மறந்துவிட்டு, 7 நாள் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள். உப்பு, தூக்கம், மாதவிடாய் ஆகியவற்றால் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது சகஜம். பெண்கள் மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பது பழைய தோராயக் கணக்கு. தினமும் 400 குறைத்தால் 28 நாளில் 11,200. அதாவது, ஏறக்குறைய ஒன்றரை கிலோ குறைய வேண்டும். முதல் வாரத்தில் தண்ணீர் எடை வேகமாக இறங்கும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டாம் வாரத்தில் தொடங்கி நான்கு வாரம் பாருங்கள். அரைக் கிலோதான் குறைந்தது என்றால் திரும்பச் சாப்பிடுவது அதிகம், அல்லது சட்னியும் எண்ணெயும் கணக்கில் விடுபட்டிருக்கின்றன. மூன்று கிலோ குறைந்துவிட்டது, படி ஏறினால் தலை சுற்றுகிறது என்றால் நீங்கள் சாப்பிடுவது போதவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

எந்த வாட்ச்சும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது. ஏனெனில், இது ஊகம் இல்லை. உங்கள் உடம்பில் நடந்து முடிந்த கணக்கு.

ஆப்கள் மாற வேண்டும்

பொறுப்பு முழுவதையும் பயனாளர் தலையில் கட்டிவிட முடியாது. 27 சதவீதப் பிழை இருக்கக்கூடிய ஓர் ஊகத்தை '412' என்று கடைசி இலக்கம் வரை எழுதிக் காட்டுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவது. '200 முதல் 300 வரை இருக்கலாம்' என்று காட்டினால் போதும், பாதிப் பேர் வரவு வைக்க மாட்டார்கள். உடற்பயிற்சிக் கலோரியைத் தானாகச் சாப்பாட்டு வரம்பில் கூட்டும் வசதி, பயனாளர் கேட்டால் மட்டுமே இயங்க வேண்டும். வரம்பு பல நாட்களாக மிகக் குறைவாக இருந்து, ஓட்டம் அதிகமாக இருந்தால் பாராட்டுப் பதக்கம் காட்டுவதற்குப் பதிலாக எச்சரிக்கை காட்ட வேண்டும். அலுவலகங்களில் நடக்கும் 'யார் அதிகம் எரித்தார்' போட்டிகளுக்கும் இது பொருந்தும். நடந்த நாட்களை எண்ணுங்கள், கலோரியை எண்ண வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எடையைக் குறைப்பதில் சாப்பாட்டின் பங்கு பெரிது, உடற்பயிற்சியின் பங்கு சிறிது. அதற்காக உடற்பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. ரத்த அழுத்தம் இறங்குவது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது, தசை காப்பாற்றப்படுவது, தூக்கம் சீராவது, குறைந்த எடை மறுபடி ஏறாமல் நிற்பது என நடை தரும் பலன்கள், எடை மெஷின் அசையாத வாரத்திலும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை ஒரு வடையின் விலைக்கு மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. வடை சாப்பிட ஆசை இருந்தால், அதை அன்றைய சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அதற்கு நடையைக் காரணம் காட்ட வேண்டாம்.